வால்தர் நெர்ன்ஸ்டும் மின்சாரங் கடத்தும் பீங்கானும்

லோயர் கேம்ப் மின்நிலையத்தினின்று கம்பம் பள்ளத்தாக்கினூடே செல்லும் மின்கம்பிகளைப் பீங்கான் தாங்கி நிற்பதை நம் மாணவர் யாவரும் கண்டிருப்பர். சுட்ட மண்ணின் வழியே மின்சாரம் பாயாதென்பதே அதற்குக் காரணம். எனினும் அவ்வினத்துப் பொருளொன்றைத் தணலெனக் காய்ச்சி, மின்சாரத்தைக் கடத்தச் செய்து, அதனால் ஒளியும் பெற்றவர் வால்தர் நெர்ன்ஸ்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

இவர் 1864ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், அந்நாளில் பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த பிரீசென் என்னும் ஊரில், நீதிபதி ஒருவரின் மகனாகத் தோன்றினார். லைப்சிக் நகரில் ஆஸ்ட்வால்டு என்னும் ரசாயனப் பேரறிஞரிடம் துணைவராயிருந்தபோது, 1889இல், மின்கலத்தில் எழும் மின்னழுத்தத்தை அதிலுள்ள பொருள்களின் செறிவைக்கொண்டு கணக்கிடும் சமன்பாட்டை வகுத்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்தே.

பின்னர் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்து, 1897இல் புதியதோர் விளக்கை அமைத்தார். சிர்க்கோனியம் ஆக்ஸைடுடன் யிட்ரியம் போன்றவற்றின் ஆக்ஸைடைச் சிறிது கலந்து சுட்ட மெல்லிய கோலே அதன் உயிர்நிலை. காற்றகற்றிய கண்ணாடிக் குமிழ் அதற்கு வேண்டுவதில்லை. திறந்த வெளியிலேயே வெண்ணொளி வீசும். ஆயின் குளிர்ந்த கோல் மின்சாரத்தைக் கடத்தாது. முதலிற் சூடேற்றியாக வேண்டும். இருளில் விளக்கேற்ற வந்தவன் காத்து நிற்பானோ? டங்ஸ்டன் இழை விளக்கு வந்தபின் இதனைக் கேட்பாரில்லை. நெர்ன்ஸ்டோ அதன் உரிமையைப் பத்து லட்சம் மார்க்குக்கு முன்னரே விற்று, மோட்டார் வண்டி வாங்கி ஓட்டி மகிழ்ந்தார். விஞ்ஞானிக்கு உலகியல் தெரியாதென்பார் இதனை நோக்குக.

வெப்பவியலில் 1906இல் கண்ட விதிக்காக 1920ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இவருக்குரியதாயிற்று. ஆயினும் அதற்குள் முதல் உலகப் போர் இவருடைய மைந்தர் இருவரையும் கொண்டுபோயிற்று. அப்போரில் ரசாயனப் படைக்கல முயற்சியில் இவரும் பங்குகொண்டார் என்பதை மறைத்தல் தகாது. ஹிட்லர் ஆட்சி தோன்றியபின், யூதரை மணந்திருந்த மகளிர் நாடு துறந்தனர். இவர் 1933இல் பணியினின்று விலகி, சிபெல்லே என்னும் சிற்றூர்ப் பண்ணையில் 1941 நவம்பர் 18ஆம் நாள் காலமானார்.

விளக்கு மறைந்தும் கோல் மறையவில்லை. சுவிட்சர்லாந்தில் பாவுர், பிரைஸ் என்னும் இருவர் 1937இலேயே இப்பொருளைக்கொண்டு எரிபொருள் மின்கலம் அமைத்திருந்தனர். அதனுள் மின்சாரத்தைச் சுமப்பவை ஆக்ஸிஜன் அயனிகளே என்பதைக் கார்ல் வாக்னர் 1943இல் விளக்கினார். 1976 முதல் அது மோட்டார் காரிலும் புகுந்தது. தேனியினின்று குமுளி மலைப்பாதையில் இன்று ஏறும் பெட்ரோல் கார்கள் பலவற்றின் புகைக்குழாயில் சிர்க்கோனியா முனையொன்று உண்டு. அதன் ஒருபுறம் புகை, மறுபுறம் வெளிக்காற்று. இரண்டிலுமுள்ள ஆக்ஸிஜனின் வேற்றுமைக்கேற்ப மின்னழுத்தம் எழ, அதனையறிந்து பெட்ரோலின் அளவு திருத்தப்படுகிறது, நச்சுப்புகை குறைகிறது. அம்மின்னழுத்தம் எழுவது, லைப்சிக்கில் அவ்விளைஞர் வகுத்த சமன்பாட்டின்படியே.