நல்மரணத்தின் துணைவர் புனித கமில்லஸ்

ஜூலை மாதம் 14ஆம் திகதி தாய்த் திருச்சபை புனித கமில்லஸ் தே லெல்லிசின் திருநாளைக் கொண்டாடுகின்றது. நோயாளரினதும் வைத்தியசாலைகளினதும் தாதியரினதும் பாதுகாவலராக அவரை நாம் அறிவோம். ஆனால் மரணத் தறுவாயில் இருப்போருக்கு இறுதிவரை துணைநிற்பதைத் தம் சபையின் தனிப்பெரும் பணியாக அவர் ஏற்படுத்தினார் என்பதை நம் குடும்பங்களில் அறிந்தோர் சிலரே.

1550ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி இத்தாலி நாட்டின் புக்கியானிக்கோ என்னும் சிற்றூரில் கமில்லஸ் பிறந்தார். முதிர்ந்த வயதில் அவரைப் பெற்றெடுத்த தாய், அவர் சிறுவனாயிருக்கையிலேயே இறைவனடி சேர்ந்தார். தந்தையோ போர்வீரர், வீட்டில் தங்காதவர். மகனும் வளர்ந்ததும் வாளையும் சூதாட்டத்தையும் தந்தையிடமிருந்தே பழகிக்கொண்டார். இருவரும் வெனிஸ் படையில் சேரப் புறப்பட்ட பயணத்தில் தந்தை நோயுற்று மரித்தார். அக்காலத்திலேயே கமில்லசின் காலில் ஒரு புண் தோன்றியது. அது இறக்கும்வரை ஆறவேயில்லை.

அந்தப் புண்ணே அவரை உரோமையிலுள்ள புனித யாக்கோபு வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றது. தீராத நோயாளருக்கான அவ்விடத்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டே பணியாளராகவும் இருந்த அவரைச் சூதாட்டத்தின் பொருட்டு வெளியேற்றினார்கள். பின்னர் படைவாழ்வும் முடிந்தது. 1574இல் நேப்பிள்ஸ் நகரில் கையிலிருந்த யாவற்றையும் சூதில் இழந்தார். ஆறரை அடி உயரமுள்ள அந்த வீரர், மன்பிரதோனியாவில் கப்புச்சின் துறவிகளின் கட்டட வேலையில் கூலியாளானார். 1575ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி, ஆண்டவர் ஆலயத்தில் காணிக்கையாக்கப்பட்ட திருநாளன்று, பயண வழியில் அவர் உள்ளம் உடைந்து மனந்திரும்பினார். கப்புச்சின் துறவியாக விரும்பினார். காற்புண் அதற்கும் தடையாயிற்று.

ஆகவே தம்மை வெளியேற்றிய அதே வைத்தியசாலைக்கே திரும்பினார். அன்றைய வைத்தியசாலைகளில் நோயாளரைப் பராமரித்தவர்களிற் பலர் கூலிக்கு வந்தவர்கள். இறப்பவரின் கையைப் பிடித்திருக்க எவருமில்லை. இன்னும் கொடியதொன்றும் நடந்தது: மூச்சு முற்றாக அடங்குமுன்னரே முகத்தை மூடி, உயிருடன் அடக்கம் செய்யப்பட்டவர்களும் இருந்தார்கள்.

நாளடைவில் அவ்வில்லத்தின் நிர்வாகப் பொறுப்பு கமில்லசிடம் வந்தது. கூலிக்காகவன்றி இறையன்புக்காகப் பணிசெய்யும் மனிதர்களை ஒன்றுசேர்க்கும் எண்ணம் 1582இல் அவருள் உதித்தது. புனித பிலிப்பு நேரி அவரது ஆன்ம வழிகாட்டியாயிருந்தார். சிறுவர்களோடு அமர்ந்து கல்வி பயின்று, 1584இல் குருவானார். 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அச்சிறு குழுவை அங்கீகரித்து, உடையில் செஞ்சிலுவை அணியவும் அனுமதித்தார். 1591இல் அது முழுமையான துறவற சபையாயிற்று. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடுகளுடன் நான்காவதாக ஒன்றும் சேர்ந்தது: தம் உயிருக்கே ஆபத்து நேரினும் நோயாளருக்குப் பணிபுரிதல். கொள்ளைநோயுற்றோருக்குப் பணிசெய்து உயிர்நீத்த சகோதரர்கள் பலர். 1598 கிறிஸ்து பிறப்புக் காலத்தில் தைபர் ஆறு பெருக்கெடுத்துத் தூய ஆவி வைத்தியசாலைக்குள் புகுந்தபோது, கமில்லஸ் நோயாளரைத் தாமே சுமந்து மேல்மாடியில் சேர்த்தார்.

அவருடைய சகோதரர்கள் வைத்தியசாலைகளுக்கு மட்டுமன்றி வீடுகளுக்கும் சென்றார்கள். இரவென்றும் பகலென்றும் பாராமல் இறப்பவரின் அருகிலிருந்தார்கள். மக்கள் அவர்களை நல்மரணத்தின் தந்தையர் என்று அழைத்தார்கள். ஒரே பிள்ளை நோயுற்றிருக்கையில் தாய் எவ்வாறு பார்ப்பாளோ அவ்வாறு பராமரிக்கவேண்டும் என்பது அவர் தம் மக்களுக்கு விதித்த ஒழுங்கு. மூச்சு நின்றதாகத் தோன்றிய பின்னரும் கால் மணி நேரம் செபத்தைத் தொடரவேண்டும்; முகத்தை அவசரப்பட்டு மூடக்கூடாது என்றும் கட்டளையிட்டிருந்தார். அந்தக் கால் மணி நேரத்தில் அவருடைய இரக்கம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

நமது வீடுகளில் நடப்பது வேறு. குருவானவரைக் கண்டால் அம்மம்மா பயந்துவிடுவார் என்று நோயிற்பூசுதலைத் தள்ளிப்போடுகின்றோம். அவர் நினைவிழந்த பின்னரே ஆளனுப்புகின்றோம். பாவசங்கீர்த்தனம் செய்யவும் நற்கருணை உட்கொள்ளவும், பேசாதிருந்த மகனோடு சமாதானமாகவும் அவருக்கிருந்த வேளை போய்விடுகின்றது. எங்கே இருக்க விரும்புகின்றார், தம்மால் இயலாதபோது வைத்தியர்களுடன் எந்தப் பிள்ளை பேசவேண்டும், எந்தச் சிகிச்சை வரை போதும் என்று அவரிடமே கேட்டறிய ஒருவரும் துணிவதில்லை. பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகச் சொல்லிப் பிணங்கிக்கொள்கின்றார்கள். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமை நமக்குண்டு, தாங்கொணாச் சுமையாகும் அசாதாரண வழிகளுக்கு நாம் கடமைப்பட்டவர்களல்லர் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே வைத்தியர்களுக்குத் தெளிவுபடுத்தினார். உயிரைப் போக்குவது வேறு, இயல்பான மரணத்தை ஏற்றுக்கொள்வது வேறு. இவ்வேறுபாட்டை நோயாளி தெளிவோடிருக்கும்போதே குடும்பமாக அமர்ந்து பேசுவதில் பாவமுமில்லை, அபசகுனமுமில்லை.

கமில்லஸ் தம் மரணத்தையும் அவ்வாறே எதிர்கொண்டார். 1607இல் சபைத்தலைவர் பொறுப்பைத் துறந்து மீண்டும் நோயாளரிடம் சென்றார். காற்புண்ணோடு வேறு பிணிகளும் அவரை வாட்டின. உண்ட உணவும் தங்கவில்லை. எனினும் தம்மைப் பார்க்க வந்த சகோதரர்களை மற்ற நோயாளரிடம் அனுப்பிவிடுவார். நடக்க முடியாதபோதும் படுக்கையை விட்டுத் தவழ்ந்து சென்று, யாருக்கேனும் எதுவும் தேவையோ என்று விசாரிப்பார். இனிச் செய்வதற்கொன்றுமில்லை என வைத்தியர்கள் கைவிட்டபோது அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். நினைவு தெளிவாயிருக்கையிலேயே கர்தினால் ஜின்னாசியின் கையால் இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்றார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், சபையாருக்கு விடை கூறும் மடலொன்றை எழுதுவித்தார். நோயாளர் பணியின் உணர்வைப் பழுதின்றிக் காக்கும்படி அதில் வேண்டி, அன்றிருந்தோருக்கும் பின்வரப்போவோருக்கும் ஆசி வழங்கியிருந்தார்.

1614ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி, உரோமையில் புனித மதலேன் மரியாள் ஆலயத்தையடுத்த இல்லத்தில் சகோதரர்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். எத்தனையோ படுக்கைகளருகில் அவர் சொன்ன மரிப்போருக்கான செபம் இப்போது அவருக்காகச் சொல்லப்பட்டது. கைகளைச் சிலுவை வடிவில் விரித்தார். செபம் முடியுமுன்னரே அவரது உயிர் அமைதியாகப் பிரிந்தது.