எழுத்தறிவித்த வெல்தி பிஷர் அம்மையார்

எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் முதியோருக்கு எழுத்தறிவித்துவிடலாம் என்று எண்ணுகிறீரா? அது அத்தனை எளிதன்று என்பதை வெல்தி பிஷர் அம்மையாரின் வாழ்க்கை காட்டும்.

1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்த இவர், இளமையில் சீன தேசத்தில் பெண்கள் பள்ளியொன்றின் தலைமை ஆசிரியையாக இருந்தார். 1924-ல் கல்கத்தாவில் பணியாற்றிய மெதடிஸ்ட் சபை பிஷப் பிரெடெரிக் பிஷரை மணந்தார். 1938-ல் கணவரை இழந்தார். 1947 டிசம்பரில் காந்தியடிகளைச் சந்தித்தபோது, இந்தியக் கிராமங்களுக்குச் சென்று தொண்டாற்றும்படி அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே காந்தியடிகள் மறைந்தார். அவரது வேண்டுகோளோ அம்மையாரின் நெஞ்சில் நிலைத்துவிட்டது.

1953-ல் அலகாபாத்தில் எழுத்தறிவு இல்லத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 73. 1956-ல் இல்லம் லக்னோவுக்கு மாறியது. அங்கே கற்பிப்போருக்கே பயிற்சி அளிக்கப்பட்டது. ஏன் தெரியுமா? பகலெல்லாம் உழைத்துக் களைத்து வரும் குடியானவரைச் சிறுபிள்ளைபோல் நடத்தினால், வெட்கப்பட்டு மறுநாள் வரமாட்டார். ஆகவே, அன்றாட வாழ்வை ஒட்டிப் பாடம் சொல்லவும், பொம்மலாட்டத்தால் ஆவலை மூட்டவும், கற்றதை மறவாதிருக்க எளிய நூல்களை அளிக்கவும் ஆசிரியர்கள் பழகினர். 1964-ல் மகசேசே விருது பெற்ற அம்மையார், 1980-ல் தமது 101-ஆம் வயதில் மரித்தார்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிப்பது நமது வேப்பனப்பள்ளி. வீட்டில் வேறு மொழி பேசும் பெரியவருக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்பவர், எழுத்தோடு மொழியையும் கற்பிக்க வேண்டும். பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசித்துச் சொல்லும்படி உம்மிடம் கேட்பவர் உமது தெருவிலேயே இருக்கலாம். அவருக்குக் கற்பிக்க முன்வருவீரானால், முதலில் அவர் பேச்சுக்குச் செவிகொடும். பிறர்முன் அவர் மானத்தைக் காப்பாற்றும். இனி வயதாகிவிட்டது என்று மட்டும் அவரிடமும் சொல்லாதீர், உமக்கும் சொல்லிக்கொள்ளாதீர்.