பறவைகளை எண்ணிக் காத்த பிராங்க் சாப்மன்

தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பதை உங்கள் பெற்றோர் நன்கறிவர். வராதவர் யார் என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியவரும். பறவைகளுக்கும் அத்தகைய பெரட்டு ஒன்று உண்டு. அதனைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்க அறிஞர் பிராங்க் சாப்மன். அன்னாரின் வாழ்க்கையை இங்குக் காண்போம்.

சாப்மன் 1864-ஆம் ஆண்டு சூன் திங்கள் 12-ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். அவர் கல்லூரிக்குச் செல்லவில்லை. நியூயார்க் நகர வங்கி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆயினும் அவருள்ளம் பறவைகளையே நாடியது. 1884-ஆம் ஆண்டில், பறவைகள் இடம்பெயர்ந்து செல்வதைக் கவனித்து எழுதித் தருமாறு பறவையியலார் தொண்டர்களை வேண்டினர். சாப்மன் முன்வந்தார். வைகறையில் எழுந்து காட்டுவழி நடந்து, கண்ட பறவைகளைக் குறித்துக்கொண்ட பின்னரே இரயிலேறி வேலைக்குச் செல்வார்.

அக்காலப் பெண்டிர் தொப்பிகளில் பறவையின் இறகைச் சூடுவதை நாகரிகமாகக் கருதினர். அதற்காகப் பறவைகள் பெருந்தொகையாய்ச் சுட்டுக் கொல்லப்பட்டன. 1886-ஆம் ஆண்டில் சாப்மன் நியூயார்க் வீதிகளில் நடந்து தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளுள் 542-இல் இறகுகள் இருந்தன. அவற்றில் 40 வகைப் பறவைகளை அவர் இனங்கண்டார். வாதம் புரியாமல், எண்ணிக்கையைக் கொண்டே கொடுமையை மக்களுக்கு உணர்த்தினார். அவ்வாண்டே வங்கி வேலையைத் துறந்தார். 1888-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியேற்றார்.

1898-இல் புளோரிடாவின் கீழைக் கடலோரம் சென்றார். அங்கே, சில ஏக்கரே பரப்புள்ள பெலிக்கன் தீவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டி வாழ்ந்தன. அவற்றையும் வேட்டைக்காரர் விட்டுவைக்கவில்லை. கரையில் வாழ்ந்த படகு கட்டும் தொழிலாளி பால் குரோகல் அப்பறவைகளைக் காத்து வந்தார். சாப்மனும் மற்றோரும் முயன்றதன் பயனாக, 1903-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் அத்தீவைப் பறவைப் புகலிடமாக அறிவித்தார். குரோகலே அதன் காவலரானார்.

அந்நாளில் கிறிஸ்துமஸ் வேட்டை என்றொரு வழக்கமும் இருந்தது. இரு அணியினர் கண்ணிற்பட்ட உயிர்களையெல்லாம் சுடுவர். மிகுதியாகக் கொன்ற அணியே வென்றதாகும். தாம் 1899-இல் தொடங்கிய பறவை இதழின் வாயிலாகச் சாப்மன் மாற்றுவழி ஒன்று கூறினார். அன்றைய நாளில் பறவைகளைக் கொல்லாமல் எண்ணுவோம் என்பதே அது. 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கனடாவின் டொராண்டோ முதல் பசிபிக் கடலோர ஊர்வரை, 25 இடங்களில் 27 தொண்டர்கள் எண்ணினர். ஏறத்தாழ 18,500 பறவைகள் கணக்கில் வந்தன.

சாப்மன் 1945-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் மறைந்தார். அவர் தொடங்கிய பணியோ மறையவில்லை. இன்று 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் பல்லாயிரவர் ஊதியமின்றி எண்ணுகின்றனர். ஆண்டுதோறும் எண்ணுவதால், எந்தப் பறவை குறைகின்றது என்பது அழியுமுன்னே தெரியவருகின்றது. நம் கோலசிலாங்கூர்ச் சேற்றுக் கரைகளிலும் ஆர்வலர்கள் நீர்ப்பறவைகளை எண்ணி வருகின்றனர்.

மாணவச் செல்வங்களே! சாப்மனிடம் பட்டமில்லை, கூர்ந்து நோக்கும் கண்ணும், அதிகாலையில் எழும் பழக்கமும், ஒரு குறிப்பேடும் இருந்தன. இம்மூன்றும் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கும் எட்டாதவை அல்ல. கவண் எடுக்கும் கை எழுதுகோல் எடுக்கட்டும். நம் பள்ளித் திடலில் வந்தமரும் பறவைகளை எண்ணத் தொடங்குவோமாக!