புக்கானன் கண்ட மைசூர்

ஸ்காட்லாந்து நாட்டில் காலண்டர் என்னும் ஊரை அடுத்த பகுதியில் 1762ஆம் ஆண்டு பிறந்தவர் பிரான்சிஸ் புக்கானன். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1783இல் பட்டம் பெற்றார். சில காலம் கப்பல் மருத்துவராக இருந்தபின், 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பணியில் சேர்ந்தார். மருத்துவம் அவருக்குத் தொழில்; உள்ளம் நாடியதோ செடிகொடிகளை.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மடிந்தார். கைப்பற்றிய நாட்டின் வேளாண்மை, நெசவு, சுரங்கம், மக்கள் வாழ்க்கை ஆகியவற்றை அறிந்துவர விரும்பிய வெல்லெஸ்லி பிரபு, அப்பணியைப் புக்கானனிடம் ஒப்படைத்தார். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட அவர், காஞ்சிபுரம், வேலூர், கோலார், பெங்களூர் வழியாக மே மாதத்தில் சீரங்கப்பட்டணத்தை அடைந்தார்.

ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட அந்நகரம் அவருக்கு ஏமாற்றத்தையே தந்தது. கோட்டை மிகப் பெரியது; ஆனால் கட்டி முடிக்கப்படாதது, அழகற்றது என்று கருதினார். தெருக்கள் குறுகியும் ஒழுங்கின்றியும் இருந்தன. தரியா தௌலத் மாளிகையின் சுவர்களில், 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலப் படை தோற்ற காட்சி தீட்டப்பட்டிருந்ததையும் கண்டார்.

கண்டதை வருணிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை, எண்ணவும் செய்தார். கோட்டைக்குள் 4,163 வீடுகள், கஞ்சம் என்னும் புறநகரில் 2,216 வீடுகள். வீட்டுக்கு ஐவர் எனக் கொண்டால் 31,895 பேர். திப்புவின் காலத்தில் அத்தீவில் ஒன்றரை இலட்சம் பேராவது வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அவர் மதிப்பீடு. அரசவையும் படையும் போனபின் அவற்றை நம்பிப் பிழைத்தவர்களும் வெளியேறினர். ஓராண்டுக்குள் ஒரு தலைநகரம் எவ்வளவு வெறுமையாகும் என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

தலைநகரம் இப்போது மைசூருக்கு மாறியிருந்தது. அங்கு அவர் கண்டது வேறொரு காட்சி. மைசூரின் பழைய கோட்டையைத் திப்பு இடித்து, அக்கற்களைக் கொண்டு அருகிலேயே நசர்பாத் என்னும் புதுக்கோட்டையைக் கட்டத் தொடங்கியிருந்தார். இப்போது அதே கற்கள் பழைய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தன. நசர்பாத் என்னும் பெயர் மட்டும் மைசூரின் ஒரு பகுதிக்கு இன்றும் வழங்குகிறது. முழுதும் முடியாத சிறிய அரண்மனையில், மூன்றாம் கிருஷ்ணராச உடையார் அரியணையில் வீற்றிருந்தார். அவர் ஆறு வயதே நிரம்பாத சிறுவர். ஆட்சியை நடத்தியவர் திவான் பூர்ணய்யா. அரசருக்குரிய இறுக்கத்தோடு அமர்ந்திருந்த பிள்ளை, தமக்குப் பழக்கமான ஆங்கிலேய அதிகாரியைக் கண்டதும் முகம் மலர்ந்ததைப் புக்கானன் குறித்துள்ளார். தாவரங்களைத் தேடி அலைந்த கண்களுக்கு அதுவும் தப்பவில்லை!

திப்புவைப் பற்றி அவர் எழுதிய யாவற்றையும் அப்படியே ஏற்பதற்கில்லை. வென்ற கம்பெனியின் ஊழியர் அவர். மக்களோடு பேசியதும் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே. ஆயினும் கேழ்வரகு விதைக்கும் முறை, கால்வாய்ப் பாசனம், தறியில் நெய்பவர் பெறும் கூலி என அவர் கேட்டு எழுதியவற்றில் அத்தகைய சாய்வுக்கு இடம் குறைவு. அக்கால எளிய மக்களைப் பற்றி அறிய விழைவோர் இன்றும் அவரை நாடுவது இதனால்தான்.

கன்னட நாட்டையும் மலபாரையும் சுற்றி 1801 சூலையில் அவர் சென்னைக்குத் திரும்பினார். அவருடைய நாட்குறிப்பு 1807இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. மைசூர்ப் பயணத்துக்குப் பின் நேபாளம் சென்றார்; வங்காளத்தில் ஏழாண்டுகள் அளவாய்வு செய்தார்; கல்கத்தா தாவரத் தோட்டத்தின் பொறுப்பையும் ஏற்றார். 1815இல் தாயகம் திரும்ப இருந்தபோது, அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த தாவர ஓவியங்களை அரசு தன்னுடையவை எனக் கூறி எடுத்துக்கொண்டது. எனினும் கங்கை ஆற்று மீன்களைப் பற்றிய நூலை 1822இல் வெளியிட்டார். தாய்வழிச் சொத்து வந்தபோது ஆமில்டன் என்னும் பெயரையும் ஏற்றார். 1829இல் அவர் மறைந்தார். நூலகங்களில் அவருடைய நூல்களைத் தேடுவோர் இன்றும் இரு பெயர்களிலும் தேட வேண்டியுள்ளது.