பிறப்பைக் கேட்ட சபையை எதிர்த்தவர்

ஒரே வேதம், ஒரே ஞானஸ்நானம், ஒரே கோயில். ஆனால் செத்த பிறகு கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். இப்படிப்பட்ட ஊர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஏன் என்று கேட்டால், அது ஊர் வழக்கம், விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். விசுவாசம் ஒரு பக்கம், சபை நிர்வாகம் மறுபக்கம் என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது.

1933-ல் ஜெர்மனியிலும் இதே பதிலைத்தான் சொன்னார்கள். அங்கே பிரச்சினை சாதி அல்ல, இனம். அந்தப் பதில் செல்லாது என்று 27 வயது போதகர் ஒருவர் எழுந்து சொன்னார். கிறிஸ்துவை யார் என்று நம்புகிறோமோ, அதை வைத்துத்தான் எது சபை என்பதும் முடிவாகும் என்று வாதாடினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவரைத் தூக்கில் போட்டார்கள். அவர் பெயர் டீட்ரிக் போன்ஹோஃபர். கிறிஸ்தவர் அல்லாத நம் வாசகர்களும் அறிய வேண்டிய வாழ்க்கை அது.

சபை என்பது சங்கமா?

1906 பிப்ரவரி 4 அன்று பிரெஸ்லாவ் நகரில் போன்ஹோஃபர் பிறந்தார். இன்று அந்த நகரம் போலந்தில் இருக்கிறது. எட்டுப் பிள்ளைகளில் ஆறாவது அவர். உடன் பிறந்த இரட்டைச் சகோதரி சபீனா. தந்தை கார்ல் பெயர்பெற்ற மனநல மருத்துவர். 1912-ல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. முதல் உலகப் போரில் அண்ணன் வால்டர் மாண்டார். வசதியும் படிப்பும் இருந்த வீடு. ஆனால் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிற வீடு அல்ல. அந்த வீட்டிலிருந்துதான் இவர் இறையியல் படிக்கப் போனார்.

1927-ல், 21 வயதில், முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். திருச்சபை என்றால் என்ன என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. லுத்தர் காலத்திலிருந்து புராட்டஸ்டன்ட் மரபு இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. நற்செய்தி சரியாகப் போதிக்கப்பட்டு, ஞானஸ்நானமும் திருவிருந்தும் சரியாக வழங்கப்படும் இடமே சபை. கட்டடமோ பிஷப்பின் அதிகாரமோ அதைச் சபை ஆக்குவதில்லை.

போன்ஹோஃபர் அதற்கு அடியில் இன்னும் ஆழமாகத் தோண்டினார். கிறிஸ்துவை என்றோ வாழ்ந்து மறைந்த ஒரு நல்ல ஆசானாக மட்டும் எண்ணிப் பாருங்கள். அப்போது சபை என்பது அவரை நினைத்துக் கூடுகிறவர்களின் சங்கம். சங்கத்துக்கு யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று உறுப்பினர்களே விதி எழுதிக்கொள்ளலாம். ஆனால் கிறிஸ்து இன்றும் உயிரோடு இருக்கிறார், கூடியிருக்கும் மக்களாகவே அவர் உலகத்தில் இருக்கிறார் என்று நம்பினால் கணக்கு மாறிவிடும். அப்போது சபை நம்முடையது அல்ல, அவருடையது. அவர் அழைத்த ஒருவரை வாசலில் நிறுத்த நமக்கு உரிமை கிடையாது. அவரை நிறுத்தினால் கிறிஸ்துவையே நிறுத்தியதாகும்.

ஹார்லெமில் ஒரு பள்ளிக்கூடம்

1930-ல் மேற்படிப்புக்காக நியூயார்க் போனார். உடன் படித்த கறுப்பின மாணவர் பிராங்க் ஃபிஷர் அவரை ஹார்லெம் பகுதியின் அபிசீனியன் பாப்டிஸ்ட் கோயிலுக்கு அழைத்துப்போனார். வசதியான வீட்டுப் பிள்ளையான இந்த வெள்ளைக்காரர் அங்கே ஞாயிறு பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். ஒரே கிறிஸ்துவை வணங்குகிறவர்கள் நிறத்தால் பிரிந்து தனித்தனிக் கோயில்களில் நிற்பதைக் கண்டார். ஊர் திரும்பும்போது கறுப்பின மக்களின் பக்திப் பாடல் இசைத்தட்டுகளைக் கையோடு கொண்டுபோனார். பிற்காலத்தில் தம் மாணவர்களுக்கு அவற்றைப் போட்டுக் காட்டினார்.

1931-ல் பெர்லினில் போதகராக அபிஷேகம் பெற்றார். பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றிக்கொண்டே, தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அறை எடுத்துத் தங்கி, அங்குள்ள ஏழைப் பையன்களைத் திடப்படுத்தலுக்குத் தயார் செய்தார்.

கிறிஸ்துவையே மாற்றியவர்கள்

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7-ல் ஒரு சட்டம் வந்தது. யூத வம்சாவளியினர் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்றது அது. தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும், வேலை போய்விடும். ஜெர்மன் கிறிஸ்தவர்கள் என்று தம்மை அழைத்துக்கொண்ட நாஜி ஆதரவுக் கூட்டம், இதே விதியைச் சபைக்குள்ளும் கொண்டுவரத் துடித்தது. செப்டம்பரில் பிரஷ்யா திருச்சபையின் பேரவை அதை ஏற்றது. ஞானஸ்நானம் பெற்றவரானாலும், அபிஷேகம் பெற்ற போதகரானாலும், யூத இரத்தம் இருந்தால் பதவி இல்லை.

நவம்பரில் பெர்லின் விளையாட்டு அரங்கில் நடந்த பெரும் கூட்டத்தில், யூதர்களின் நூல் என்பதால் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறிய வேண்டும் என்று பேசினார்கள். இயேசு யூதரே அல்ல, ஆரியர் என்று சொல்லவும் சிலர் துணிந்தார்கள். இதை நாம் கவனிக்க வேண்டும். சபையைப் பிறப்பால் பிரிக்க நினைத்தவர்களுக்கு இருக்கிற கிறிஸ்து ஒத்துவரவில்லை. அதனால் கிறிஸ்துவையே மாற்றப் பார்த்தார்கள்.

பாதிக்கப்படும் போதகர்கள் மிகச் சிலர்தானே, அதற்காகச் சபையை உடைக்கலாமா என்று நடுநிலையாளர்கள் கேட்டார்கள். போன்ஹோஃபர் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. பிறப்பைக் கேட்கிற சபை ஞானஸ்நானத்தையே மறுத்துவிட்டது, அது இனி சபையே இல்லை என்றார். அந்தக் கோடையில் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்துவைப் பற்றித் தொடர் விரிவுரை ஆற்றினார். கடவுள் எப்படி மனிதன் ஆனார் என்று ஆராய்வதை விட்டுவிட்டு, இந்தக் கிறிஸ்து யார் என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். போதனையிலும் திருவிருந்திலும் கூடியிருக்கும் சபையிலும் அவர் இருக்கிறார் என்று விளக்கினார்.

அதே ஆண்டில் எழுதிய கட்டுரையில், அரசு அநியாயம் செய்யும்போது சபைக்கு மூன்று கடமைகள் உண்டு என்றார். அரசைக் கேள்வி கேட்பது. பாதிக்கப்பட்டவர் எந்த மதத்தவரானாலும் உதவுவது. தேவைப்பட்டால் அநியாயத்தின் சக்கரத்தையே தடுத்து நிறுத்துவது.

அவரும் ஒருமுறை தவறினார்

அவரைப் புனிதராக்கிப் பூஜிக்க நாம் இதை எழுதவில்லை. சபீனாவின் கணவர் கெர்ஹார்ட் லைப்ஹோல்ஸ் யூதக் குடும்பத்தில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர். 1933 ஏப்ரலில் அவருடைய தந்தை இறந்தார். அந்த முதியவர் ஞானஸ்நானம் பெறாதவர். அடக்கத்தை நடத்தித் தரும்படி குடும்பம் போன்ஹோஃபரைக் கேட்டது. அவர் மேலதிகாரியிடம் யோசனை கேட்டுவிட்டு மறுத்துவிட்டார். சில மாதங்களில் அந்த மறுப்பு அவரை உறுத்தியது. அப்படி எப்படிப் பயந்தேன் என்று வருந்தி, தங்கை குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். யூதர்களைப் பற்றிய பழைய கிறிஸ்தவத் தப்பெண்ணங்கள் அவருடைய அந்த ஆண்டுக் கட்டுரையிலும் இருந்தன. ஒரு பிணத்தின் முன்னால் தாம் தோற்றதை அவர் மறைக்கவில்லை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அவர் நடந்த பாதை அந்தத் தோல்விக்குப் பிறகு நடந்த பாதை.

1934 மே மாதம் பார்மன் நகரில், ஹிட்லரின் தலையீட்டை எதிர்த்த சபையினர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதைப் பெரும்பாலும் எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். போன்ஹோஃபர் அப்போது லண்டனில் போதகராக இருந்ததால் கூட்டத்தில் இல்லை. சபை கிறிஸ்துவுக்கே சொந்தம். அதன் போதனை மட்டுமல்ல, அதன் ஒழுங்குமுறையும் அவரைச் சாட்சி சொல்ல வேண்டும். காலத்தின் அரசியலுக்கு ஏற்ப அதை மாற்றக் கூடாது என்றது அறிக்கை. யார் எங்கே உட்காருவது, யார் பீடத்தில் நிற்பது என்பதெல்லாம் நிர்வாகம், விசுவாசம் அல்ல என்ற சாக்கு அதோடு அடிபட்டுப்போகிறது. ஆனால் அந்த அறிக்கை யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது தம் குற்றம் என்று பார்த் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அந்த ஆண்டே இந்தியா வந்து காந்தியுடன் தங்க போன்ஹோஃபர் விரும்பினார். காந்தியும் வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். ஆனால் எதிர்ப்புச் சபைக்குப் போதகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு வந்ததால் பயணம் நடக்கவில்லை. ஃபின்கென்வால்டே என்ற ஊரில் நடந்த அந்தப் பயிற்சிப் பள்ளியை 1937-ல் இரகசியப் போலீஸ் இழுத்து மூடியது.

பிறருக்காக வாழ்ந்தவரின் சபை

1939 ஜூனில் நண்பர்கள் அவரைப் பத்திரமாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவரால் அங்கே இருக்க முடியவில்லை. ஒரே மாதத்தில் கப்பல் ஏறித் திரும்பினார். அக்காள் கணவர் ஹான்ஸ் ஃபான் தோனானி வழியாக, ஹிட்லரை வீழ்த்தத் திட்டமிட்ட இராணுவ உளவுத்துறைக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு 14 பேரைச் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப வைத்தது; அவர்களில் பெரும்பாலோர் யூத வம்சாவளியினர். 1943 ஏப்ரல் 5 அன்று கைதானார்.

சிறையில் அவருடைய பழைய கேள்வி இன்னும் கூர்மையானது. கிறிஸ்து தமக்காக வாழாமல் பிறருக்காகவே வாழ்ந்தவர். அப்படியானால் பிறருக்காக வாழும்போதுதான் சபையும் சபை. சொத்துகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும்; போதகர்கள் காணிக்கையிலோ சொந்த உழைப்பிலோ வாழ வேண்டும் என்று எழுதும் அளவுக்கு அவர் போனார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசென்பர்க் வதைமுகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. ஒரு மாதத்தில் போர் முடிந்தது.

அவரோடு அந்தக் கேள்வி புதைக்கப்படவில்லை. 1982-ல் உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, தென்னாப்பிரிக்க நிறவெறியைப் பாவம் என்றும், அதற்கு இறையியல் நியாயம் சொல்வதை விசுவாசத்துக்கு எதிரான கள்ளப்போதனை என்றும் அறிவித்தது.

நம் மண்ணில் இந்தக் கேள்வி அதற்கும் வெகுகாலம் முன்பே எழுந்தது. 1833-ல், போன்ஹோஃபரின் போராட்டத்துக்குச் சரியாக நூறு ஆண்டுகள் முன்னால், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னகச் சபைகளில் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்சாதியினர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடுவோம், சாதியை விடமாட்டோம் என்பதுதான் அதன் பொருள்.

கல்லறைச் சுவரை ஊர் வழக்கம் என்று இனி யாராவது சொன்னால், நாம் சாதியைப் பற்றிப் பேச்சைத் தொடங்க வேண்டாம். நீங்கள் வணங்கும் கிறிஸ்து யார் என்று கேட்போம். அந்தச் சுவரின் எந்தப் பக்கத்தில் அவரைப் புதைப்பீர்கள் என்றும் கேட்போம்.