பீட்டர் மெடவார்

சென்னை மாநகரில் இன்று ஒருவருடைய கல்லீரலை மற்றொருவர் உடலிற் பொருத்தும் மருத்துவம் நடைபெறுகின்றது. வேளச்சேரியில் வாழ்பவர் அதற்கெனக் கடல்கடந்து செல்லவேண்டுவதில்லை. இம்மருத்துவத்திற்கு அடிகோலிய அறிஞருள் முதன்மையானவர் பீட்டர் மெடவார். இவர் 1915-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் பிறந்தார். இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் விலங்கியல் பயின்றார்.

1940-ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் அவர் வீட்டருகே விமானம் ஒன்று விழுந்தது. அதில் ஒருவன் உடலெங்கும் வெந்து உயிருக்குப் போராடினான். பிறர் தோலை அவனுக்கு ஒட்டலாகாதா என்னும் வினா மெடவாரைப் பற்றிக்கொண்டது. கிளாஸ்கோ நகரில் கிப்சன் என்னும் மருத்துவருடன் கூடி ஆராய்ந்தார். பிறர் தோல் சின்னாளில் அழிந்தது. அவருடைய தோலையே மறுமுறை ஒட்டியபோது முன்னினும் விரைவாக அழிந்தது. உடல் அயற்பொருளை இனங்கண்டு நினைவிலும் கொள்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

பின்னர், இரட்டைக் கன்றுகள் ஒரே கருவில் தோன்றியவையா, இரு கருக்களில் தோன்றியவையா எனக் கண்டறியுமாறு அவரைக் கேட்டனர். தோலை மாற்றி ஒட்டினால் எளிதில் தெரியும் என அவர் உறுதி கூறினார். ஆனால் ஏறத்தாழ எல்லாக் கன்றுகளும் உடன்பிறந்த கன்றின் தோலை ஏற்றுக்கொண்டன! அமெரிக்க அறிஞர் ஓவன் 1945-இல் எழுதிய கட்டுரையில் காரணம் இருந்தது. கருப்பையிலேயே இரண்டின் குருதியும் கலந்துவிடுவதால் ஒன்றன் அணுக்கள் மற்றொன்றினுள் குடியேறி வாழ்கின்றன.

1953-இல் பில்லிங்காம், பிரெண்ட் என்பாருடன் மெடவார் இதனை எலிகளிற் செய்துகாட்டினார். கருவிலேயே பிற இனத்து அணுக்களைப் பெற்ற எலி, வளர்ந்தபின் அவ்வினத்தின் தோலை ஏற்றது. எனினும் அவ்விருவரும் பின்னர் வேறோர் உண்மையையும் கண்டனர். அவ்வாறு அணுக்களைப் பெற்ற குட்டிகள் சில வளர்ச்சி குன்றி மாய்ந்தன. குடியேறிய அணுக்களே குடியளித்த உடலைத் தாக்கின!

மெடவார் 1960-இல் பர்னெட்டுடன் நோபெல் பரிசு பெற்றார். 1969-இல் மூளையிற் குருதி கசிந்து இடப்பக்கம் செயலிழந்தது. ஆயினும் எழுதுவதை விட்டாரில்லை. 1987-இல் மறைந்தார்.

1963-இல் மனிதருக்கு முதன்முதல் கல்லீரல் பொருத்திய ஸ்டார்சல், ஈரல் பெற்றுப் பல்லாண்டு வாழ்ந்தோரின் உடலில் ஈந்தவருடைய அணுக்கள் தங்கியிருத்தலை 1992-இல் கண்டறிந்தார். ஈரலுடன் வெள்ளணுக்களும் செல்கின்றன. நூற்றுக்கு ஓரிருவர்க்கு அவை பகையாகிவிடுகின்றன. அவ்வாறாயின் பிழைப்போர் சிலரே. முதலில் தோலிற் சிவந்த தடிப்புத் தோன்றும். அதனை மருந்தின் ஒவ்வாமை என்று மயங்குவதும் உண்டு. ஆகவே குருதியிலுள்ள வெள்ளணுக்களின் மரபுக்கூறுகளை மருத்துவர் ஆராய்கின்றனர். ஆணின் ஈரலைப் பெற்ற பெண்ணிடம் ஆணுக்குரிய அணுக்கள் காணப்படின் அவை வந்த வழி விளங்கும். முதற் சில வாரங்களில் அவை சிறிதளவு இருத்தல் இயல்பே. அவற்றின் பங்கு மிகுந்து, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உடன் வருமாயின், மருத்துவர் காலந்தாழ்த்தாது மருந்தினை மாற்றி அமைப்பர்.