குழாயை மூடச் சொன்ன டாக்டர்

இன்ஜினியரிங் சேர்ந்துட்டு பாதியில் விட்டவங்க லிஸ்ட்டில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் டெனிஸ் பர்கிட். ஓட்ஸ் பாக்கெட்டைத் திருப்பினா நார்ச்சத்து இத்தனை கிராம்னு போட்டிருக்கும் இல்லையா? அந்த வார்த்தையை சாதாரண ஜனங்களும் பேச ஆரம்பிச்சதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பர்கிட் பிறந்தது 1911-ல், அயர்லாந்தின் வடக்கே என்னிஸ்கில்லன் என்ற ஊரில். அப்பா மாவட்ட சர்வேயர். அவருக்கு இன்னொரு பைத்தியம், பறவைகள். ராபின் குருவிகளின் காலில் வளையம் மாட்டி, எது எந்த இடத்தில் வாழுதுன்னு மேப் போட்டு வைப்பார். இந்த மேப் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

11 வயசில் பசங்களோட கல்லெறி சண்டையில் மூக்குக்கண்ணாடி உடைந்து, பர்கிட்டின் வலது கண் போய்விட்டது. 1929-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இன்ஜினியரிங் சேர்ந்தார். ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உள்ளவர். டாக்டர் ஆவதுதான் தனக்கு விதிச்ச வேலைன்னு தோன்றவே மருத்துவத்துக்கு மாறி, அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார். ஒரு கண்தான் இருக்குன்னு காலனி மருத்துவப் பணியில் முதலில் இவரை எடுக்கவில்லை. உலகப்போரில் ராணுவ டாக்டராக ஆப்பிரிக்கா போனவர், 1946-ல் அதே பணியில் சேர்ந்து உகாண்டா வந்தார்.

1957-ல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் ஹியூ ட்ரோவெல் என்ற சக டாக்டர் ஒரு சின்னப் பையனைக் காட்டினார். தாடையின் நாலு பக்கமும் வீக்கம். கொஞ்ச நாளில் ஜிஞ்சா என்ற ஊரில் இன்னொரு குழந்தைக்கும் அதே மாதிரி. இது ஒரே நோய்னு பர்கிட்டுக்குப் புரிந்தது. எங்கே வருது, எங்கே வரலன்னு தெரிஞ்சுக்கணும். அப்ப கூகுள் ஃபார்ம் ஏது? ஆயிரத்துக்கும் மேல கேள்வித்தாள் அச்சடிச்சு ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்குத் தபாலில் அனுப்பினார். 1961-ல் ரெண்டு நண்பர்களோட ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் பத்து வாரம், 10,000 மைல் சுற்றினார். பதில்களை மேப்பில் குறித்தால், ஆப்பிரிக்காவின் நடுவே சூடும் மழையும் உள்ள இடங்களில் மட்டும் ஒரு பட்டை தெரிந்தது. அதுதான் இன்னைக்கு பர்கிட் லிம்போமா. லண்டனில் இவர் பேச்சைக் கேட்ட ஆண்டனி எப்ஸ்டைன் அந்தக் கட்டியைத் தேடிப் போக, 1964-ல் எப்ஸ்டைன்-பார் வைரஸ் கிடைத்தது. மனிதர்களில் புற்றுநோயோடு தொடர்பு தெரிய வந்த முதல் வைரஸ் அதுதான்.

இதோடு நிறுத்தியிருந்தாலே சரித்திரத்தில் பேர் இருக்கும். ஆனா 55 வயசில் இங்கிலாந்து திரும்பியவருக்கு ரெண்டாவது இன்னிங்ஸ் ஆரம்பித்தது. 1967-ல் பீட்டர் கிளீவ் என்ற கடற்படை டாக்டரைச் சந்தித்தார். சர்க்கரையும் தீட்டிய மாவும்தான் மேல்நாட்டு நோய்கள் பலவற்றுக்குக் காரணம் என்பது கிளீவின் வாதம். முக்கால்வாசி பேர் அவரைக் கண்டுக்கவே இல்ல. பர்கிட்டுக்கு மட்டும் பொறி தட்டியது. உகாண்டாவில் அத்தனை வருஷம் கத்தி பிடித்தவர், கிராமத்து ஆட்களுக்கு குடல்வால் அழற்சியோ, பித்தப்பைக் கல்லோ, பெருங்குடல் புற்றுநோயோ அதிகம் பார்த்ததே இல்லை. இங்கிலாந்திலோ வார்டு முழுக்க அதுதான்.

திரும்பவும் பழைய ஃபார்முலா: ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்குக் கேள்வித்தாள். இந்த முறை கூடவே மலத்தையும் எடை போட்டார். சிரிக்காதீங்க, இதுதான் டேட்டா. எக்ஸ்-ரேயில் தெரியும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை விழுங்கச் சொல்லி, அவை வெளியே வர எத்தனை மணி நேரம்னு கணக்கு எடுத்தாங்க. 1972-ல் அலெக் வாக்கர், நீல் பெய்ன்டர் இருவரோடு சேர்ந்து லான்செட்டில் வெளியிட்டார். வெள்ளை ரொட்டி சாப்பிட்ட பிரிட்டிஷ்காரர்களுக்கு நாளைக்கு சுமார் 100 கிராம், வெளியே வர மூணு நாளுக்கும் மேல். வாழைக்காய், தானியம், பயறுன்னு சாப்பிட்ட உகாண்டா கிராமத்தவர்களுக்கு 400 கிராமுக்கு மேல், ஒன்றரை நாள்தான். அதே பழைய ட்ரோவெல், நார்ச்சத்துக் குறைவை நீரிழிவோடும் இதய நோயோடும் சேர்த்துப் பார்த்தார்.

பர்கிட் ஊர் ஊராகப் போய்ப் பேசுவார். அவர் காட்டும் ஒரு கார்ட்டூன் ரொம்பப் பிரபலம். குழாய் திறந்தே கிடக்க, தொட்டி நிரம்பித் தண்ணி தரையில் வழியும். ரெண்டு பேர் மாய்ந்து மாய்ந்து தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். மருந்தும் ஆபரேஷனும் தரை துடைப்பது மாதிரி, முதலில் குழாயை மூடுங்க என்பதுதான் அவர் சொன்னது.

அவர் சொன்னது எல்லாம் சரியா? இல்லை. கிராமத்து மக்கள் அதிகம் நடந்தார்கள், உடலுழைப்பு அதிகம், முதுமை வரை வாழ்ந்தவர்கள் குறைவு. வித்தியாசம் முழுவதையும் நார்ச்சத்தின் கணக்கில் எழுத முடியாது. 2000 வாக்கில் வந்த சில அமெரிக்க ஆய்வுகளில் நார்ச்சத்துக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் தொடர்பே தெரியவில்லை. ஆனா 2019-ல் லான்செட்டில், உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தாங்க. நார்ச்சத்து அதிகம் சாப்பிடுறவங்களுக்கு இதய நோய், ரெண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் மூன்றும் 15 முதல் 30 சதவீதம் வரை குறைவு. நாளைக்கு 25 கிராமாவது வேணும்னு சொன்னாங்க. காரணமும் இப்ப ஓரளவு தெரியும். நம்மால் செரிக்க முடியாத நாரை குடல் பாக்டீரியா நொதிக்க வைத்து உண்டாக்கும் ப்யூட்டிரேட், குடல் செல்களுக்கு எரிபொருள். ஓட்ஸ், பயறில் இருக்கும் கரையும் நார், சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்குது.

1993-ல், 82 வயசில், பர்கிட் இறந்தார். கறியே சாப்பிடாதேன்னு சண்டை போட்டவர் இல்லை. தட்டில் தானியமும் பயறும் காயும் கூடட்டும்னு கேட்டவர்.

எங்க வீட்டில் தாத்தாவுக்கு சுகர், அப்பாவுக்கும் சுகர். மாசா மாசம் மாத்திரை வாங்கிட்டு வர்றது என் வேலை. நாங்க தரைதான் துடைச்சிட்டு இருக்கோம். அது தப்பில்ல, வழிஞ்ச தண்ணியைத் துடைச்சுதான் ஆகணும். ஆனா 21 வயசில் என் குழாய் இன்னும் முழுசா திறக்கல. நேத்து மெஸ்ஸில் பொரியலை ஓரமா ஒதுக்கி வச்சேன். இன்னைக்கு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.